சக்கரங்களும் காயங்களும்: போக்குவரத்து விபத்துகளின் வரலாறு

விபத்துச் செய்தி ஒன்றைப் படித்ததும் "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விடுவது நம்மிடையே பழகிப்போன வழக்கம். தனி ஒருவருக்கு எந்த நாளில், எந்த இடத்தில் விபத்து நேரும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது உண்மையே. ஆனால் ஒரு நாட்டில், ஓர் ஆண்டில், எந்த வகை ஊர்தியால் ஏறத்தாழ எத்தனை பேர் மடிவார்கள் என்பதையும், அவர்களுடைய உடலின் எந்தப் பகுதி அடிபடும் என்பதையும் பெருமளவுக்குக் கணித்துவிட முடியும். கணிக்க முடிகிற ஒன்றைக் குறைக்கவும் முடியும். சென்ற இருநூறு ஆண்டுகளில் குதிரை வண்டி, புகைவண்டி, கப்பல், மோட்டார் ஊர்தி, விமானம் ஆகிய ஒவ்வொன்றும் மனிதனுக்குப் புதிய வகைக் காயங்களைத் தந்தன. அக்காயங்களை ஆராய்ந்தவர்கள் ஒவ்வொரு முறையும் அவற்றைக் குறைக்க வழி கண்டார்கள். அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குதிரைகளின் காலம்

எந்திர ஊர்திகள் வருவதற்கு முன்பு சாலைகள் ஆபத்தின்றி இருந்தன என்று எண்ணுவது தவறு. கதிரியக்க ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பியேர் க்யூரி 1906 ஏப்ரல் 19 அன்று, மழை பெய்துகொண்டிருந்த பாரிஸ் தெரு ஒன்றைக் கடக்கும்போது, சுமை ஏற்றிய குதிரை வண்டியின் அடியில் விழுந்தார். சக்கரம் ஏறி மண்டை ஓடு நொறுங்கியது. ஐரோப்பா முழுவதும் அறிந்த ஓர் அறிஞரின் வாழ்வு 46 வயதில் ஒரு குதிரை வண்டியால் முடிந்தது.

விபத்துகளைப் பற்றிய கணிதமும் குதிரையிலிருந்தே புகழ் பெற்றது. லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச் என்னும் புள்ளியியல் அறிஞர் 1898-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பிரஷ்ய நாட்டுப் படைப்பிரிவுகளில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை அதில் அவர் ஆராய்ந்தார். 10 படைப்பிரிவுகளை 20 ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டால் 200 பதிவுகள் கிடைக்கும். அவற்றில் மொத்தம் 122 இறப்புகள். 109 பதிவுகளில் இறப்பே இல்லை. 65 பதிவுகளில் ஒருவர், 22-இல் இருவர், 3-இல் மூவர், ஒன்றில் நால்வர்.

புவாசோன் என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1837-இல் தந்த சூத்திரத்தில் சராசரியை மட்டும் இட்டுக் கணக்கிட்டால் வரும் எண்கள் முறையே 109, 66, 20, 4, 1. வியப்பாக இல்லையா? எந்தக் குதிரை எந்த வீரனை உதைக்கும் என்பது தற்செயல். ஆனால் தற்செயல்கள் சேர்ந்த தொகை ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது. இந்த உண்மையில் இன்னொரு பாடமும் அடங்கியிருக்கிறது. நால்வர் இறந்த ஆண்டில் படைத்தலைவர் குதிரைக்காரர்களைத் தண்டித்திருந்தால், அடுத்த ஆண்டு எண்ணிக்கை எப்படியும் குறைந்திருக்கும். தண்டனையே பலன் தந்தது என்று அவர் மகிழ்ந்திருப்பார். உண்மையில் எதுவும் மாறியிராது. சராசரியையே குறைக்க வேண்டுமானால், விபத்து நிகழும் முறையை மாற்றவேண்டும்.

இருப்புப்பாதையின் பாடங்கள்

1830 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்தில் லிவர்ப்பூல் - மான்செஸ்டர் இருப்புப்பாதை திறந்துவைக்கப்பட்டது. வழியில் தண்ணீர் எடுப்பதற்காக எஞ்சின் நின்றபோது, வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் மீறிப் பயணிகள் பலர் கீழே இறங்கினர். அவர்களுள் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிஸன். பிரதமர் வெலிங்டன் பிரபு அமர்ந்திருந்த பெட்டியருகே அவர் நின்றிருந்தபோது, பக்கத்துத் தண்டவாளத்தில் ஸ்டீவன்ஸனின் புகழ்பெற்ற 'ராக்கெட்' எஞ்சின் வந்தது. தப்புவதற்காக அவர் பெட்டியின் கதவைப் பற்றினார். கதவு வெளிப்புறமாகத் திறந்து அவரை எஞ்சினின் பாதையிலேயே தொங்கவிட்டது. கால் நசுங்கி, அன்றிரவே அவர் இறந்தார். 'ராக்கெட்' எஞ்சினுக்குப் பிரேக் கிடையாது. இயக்கத்தைப் பின்னோக்கித் திருப்பித்தான் அதை நிறுத்த முடியும். ஓடும் வேகத்தைப் பற்றியே சிந்தித்த பொறியாளர்கள் நிற்கும் முறையைப் பற்றி இன்னும் சிந்திக்கத் தொடங்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1842 மே 8 அன்று, வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த விழாக் கூட்ட வண்டியின் முன் எஞ்சினில் அச்சு முறிந்தது. பின்வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பற்றின. பயணிகள் ஓடும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. 50-க்கும் மேற்பட்டோர் உள்ளேயே கருகினர். தென் துருவக் கடல்களை ஆராய்ந்த மாலுமி துமோன் துர்வில், மனைவி, மகனுடன் அதில் மாண்டார். பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டே கொலைக் கருவியாயிற்று. பிரான்சில் அவ்வாறு பூட்டும் வழக்கம் பின்னர் கைவிடப்பட்டது.

இவ்விபத்து அறிவியலுக்கு ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரும்பு அச்சு, அளவுக்கு மீறிய சுமை ஏதுமின்றி ஏன் முறிய வேண்டும்? ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், அச்சின் தடிமன் திடீரென மாறும் மூலையில் நுண்ணிய விரிசல் தோன்றிச் சிறிது சிறிதாக உள்நோக்கி வளர்வதை 1843-இல் எடுத்துக் காட்டினார். ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்பவர் அச்சுகளை எந்திரத்தில் பூட்டி, இலட்சக்கணக்கான முறை சுழற்றிச் சோதித்தார். ஒரே முறை தாங்கக்கூடிய சுமையைவிடக் குறைந்த சுமைகூட, திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்போது உலோகத்தை முறித்துவிடும் என்று நிறுவினார். இதையே இன்று 'உலோகச் சோர்வு' என்கிறோம். இச்சொல்லை விமானத்தின் கதையிலும் மீண்டும் சந்திப்போம்.

1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகில் சிறுவர்களை ஏற்றிய உலா வண்டி ஒன்று ஏற்றத்தில் நின்றுவிட்டது. பாதி வண்டியைக் கழற்றிவிட்டு மீதியை இழுத்துச் செல்ல முயன்றனர். கழற்றப்பட்ட பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த வண்டியுடன் மோதின. 80 பேர் இறந்தனர், பலர் குழந்தைகள். அவ்வண்டியின் பிரேக், இணைப்புக் குழாய் கழன்றால் செயலிழந்துவிடும் வகையைச் சேர்ந்தது. இதற்கு நேர்மாறாக, குழாய் கழன்றாலோ வெடித்தாலோ தானாகவே சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும் பிரேக்குகள் அப்போதே இருந்தன. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870-களிலேயே அத்தகைய காற்றுப் பிரேக்கை உருவாக்கியிருந்தார். செலவை எண்ணி நிறுவனங்கள் தயங்கின. விபத்து நடந்த அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணி வண்டிகளுக்குத் தானியங்கிப் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. கோளாறு ஏற்பட்டால் ஆபத்தின் பக்கம் சாயாமல் பாதுகாப்பின் பக்கம் சாயும்படி ஒரு கருவியை அமைக்கவேண்டும் என்ற கோட்பாடு இவ்வாறு சட்டமாயிற்று.

பயணிகளைவிட மிகுதியாக அடிபட்டவர்கள் இருப்புப்பாதைத் தொழிலாளர்கள். அமெரிக்காவில் பெட்டிகளை இணைக்க, இரு பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் நின்று, மோதும் நேரத்தில் வளையத்தையும் ஆணியையும் கையால் பொருத்தவேண்டும். ஒரு நொடி தவறினால் விரல் போகும். இரு நொடி தவறினால் உயிர் போகும். கையில் எத்தனை விரல்கள் குறைந்திருக்கின்றன என்பதைப் பார்த்தே ஒருவருடைய அனுபவத்தை அறிந்துகொள்வார்கள் என்று சொல்வதுண்டு. கவனக்குறைவே காரணம் என்று முதலாளிகள் கூறினர். போர்க்களத்துச் சிப்பாய்க்குரிய ஆபத்தில் தொழிலாளி வாழ்வதாகக் குடியரசுத் தலைவர் ஹாரிஸன் 1889-இல் எடுத்துரைத்தார். 1893-இல் வந்த சட்டம், மோதியவுடன் தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பானையும் காற்றுப் பிரேக்கையும் கட்டாயமாக்கியது. இணைக்கும் வேலையில் இறப்பும் உறுப்பிழப்பும் அதன்பின் வெகுவாகக் குறைந்தன. தொழிலாளர்கள் ஒரே நாளில் கவனசாலிகளாக மாறிவிடவில்லை. அவர்கள் கைகளை வைக்கவேண்டிய இடம் மாறியது.

தமிழகம் மறக்க முடியாத புகைவண்டி விபத்து அரியலூரில் நிகழ்ந்தது. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே பாதையை அரித்துவிட்டிருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி ஆற்றுக்குள் பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவருடைய பெருந்தன்மையை நாடு இன்றும் போற்றுகிறது. ஆனால் வெள்ளம் அமைச்சரைப் பார்த்து வருவதில்லை. பாலத்தின் கண்கள் எவ்வளவு நீரைப் போக்கும், மழைக் காலத்தில் பாதையை யார் நடந்து பார்ப்பது என்ற கேள்விகளே அடுத்த வண்டியைக் காக்கும்.

இந்தியாவில் இருப்புப்பாதை விபத்துகளை ஆராயும் அமைப்பு 1941-இல் இரயில்வே வாரியத்திலிருந்து பிரிக்கப்பட்டு வேறு துறையின்கீழ் வைக்கப்பட்டது. வண்டியை ஓட்டுபவரே விபத்தையும் விசாரித்தால் உண்மை வெளிவராது என்பதே இதன் அடிப்படை. அவ்வமைப்பு இன்றும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது.

கடல்வழி

கப்பலின் கதையைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய பழங்கப்பல்களை மாலுமிகள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றனர். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் இடைவிடாத போராட்டத்தால், 1876-இல் சுமைக்கோடு ஒன்றைக் கப்பலின் பக்கத்தில் தீட்டவேண்டும் என்ற சட்டம் வந்தது.

1912-இல் 'டைட்டானிக்' மூழ்கியபோது அதில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடம். இருந்தும் கப்பல் சட்டத்தை மீறவில்லை. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 16 படகுகள் போதும் என்று பழைய விதி சொன்னது. 46,000 டன் கப்பல் வரும் என்று அந்த விதியை எழுதியவர்கள் நினைக்கவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் இறந்த பிறகு, 1914-இல் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை உருவாயிற்று.

மோட்டார் ஊர்தியின் வருகை

மோட்டார் ஊர்தியால் இறந்த முதல் மனிதர் என்று பொதுவாகக் கருதப்படுபவர் ஓர் அறிவியலாளர். அயர்லாந்தைச் சேர்ந்த மேரி வார்டு நுண்ணோக்கியைப் பற்றி நூல்கள் எழுதிய பெண்மணி. 1869 ஆகஸ்ட் 31 அன்று, உறவினர்கள் உருவாக்கிய நீராவி வண்டியில் சென்றபோது, ஒரு திருப்பத்தில் தூக்கியெறியப்பட்டுச் சக்கரத்தின் அடியில் விழுந்தார். 1896 ஆகஸ்ட் 17 அன்று, இலண்டனில் கிரிஸ்டல் அரண்மனை அருகே பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவரே. இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நடக்கக் கூடாது என்று மரண விசாரணை அதிகாரி கூறினாராம்.

அவருடைய விருப்பம் நிறைவேறவில்லை. பிரிட்டன் நாடு தழுவிய கணக்கெடுக்கத் தொடங்கிய 1926-இல், ஏறத்தாழ 17 இலட்சம் ஊர்திகளே இருந்த நிலையில், 4,886 பேர் சாலையில் மடிந்தனர். 1935-இல் ஊர்ப்பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற வேக வரம்பும், ஓட்டுநர் தேர்வும் நடைமுறைக்கு வந்தன. போர்க்காலத்தில் பகைவர் விமானங்களுக்கு அஞ்சித் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டபோது சாலை இறப்பு உச்சத்தைத் தொட்டது. 1941-இல் 9,169 பேர் இறந்தனர். வெளிச்சம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அந்த இருட்டு காட்டியது.

ஊர்திகள் பெருகப் பெருக இறப்பும் அதே விகிதத்தில் பெருகுமா? 1949-இல் ஸ்மீட் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 20 நாடுகளின் 1938-ஆம் ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டார். மக்கள்தொகை மாறாதிருக்க, ஊர்திகளின் எண்ணிக்கை 8 மடங்கானால் இறப்பு 2 மடங்கே ஆகும் என்பது அவர் கண்ட தொடர்பின் சாரம். அதாவது ஊர்தி ஒன்றுக்கான இறப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. சாலைகள் செப்பனிடப்படுவதும், மக்கள் பழகிக்கொள்வதும், சட்டங்கள் வருவதும் இதற்குக் காரணங்களாகலாம்.

பிற்கால நிகழ்ச்சிகள் இத்தொடர்பையும் தாண்டிச் சென்றன. 2023-இல் பிரிட்டனில் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் ஊர்திகள் இருந்தன. இறந்தவர்கள் 1,624 பேர். ஊர்திகள் 24 மடங்கு பெருகியும் இறப்பு 1926-இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஊர்தி ஒன்றுக்கான இறப்பு ஏறத்தாழ 70-இல் ஒரு பங்கு. இம்மாற்றம் எப்படி நிகழ்ந்தது?

ஒரு மருத்துவரின் கேள்வி

1935 மே மாதத்தில் 'அரேபிய லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், மோட்டார் சைக்கிளில் சென்றபோது, எதிர்ப்பட்ட இரு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸ். இவ்விறப்பு அவர் மனத்தைவிட்டு அகலவில்லை.

போர்க்காலத்தில் செய்தி கொண்டுசெல்லும் வீரர்கள் மோட்டார் சைக்கிளில் சென்று ஏராளமாக இறந்தார்கள். கெய்ன்ஸ் அவர்களுடைய தலைக்காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். கவசம் அணிந்திருந்தபோது அடிபட்டவர்களாக அவருக்குக் கிடைத்தவர்கள் ஏழு பேர். அவர்களில் எவரும் இறக்கவில்லை. ஏழு என்பது சிறிய எண்தான். ஆனால் அடிபட்ட இடத்தில் கவசம் நசுங்கியிருந்ததும், அதன்கீழ் மண்டை ஓடு காப்பாற்றப்பட்டிருந்ததும் தெளிவாகத் தெரிந்தன. பிரிட்டிஷ் இராணுவம் செய்தி வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது கட்டாயமானது 1973-இல். அறிவியல் பதில் சொல்லி 32 ஆண்டுகள் கழித்தே சட்டம் வந்தது. அந்த இடைவெளியில் மடிந்தவர்களின் தொகை சிறிதன்று.

மோதும்போது நிகழ்வது என்ன?

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்பவர் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். நான்கு மாடி உயரம். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது மாணவர்கள் அறிந்ததே. எனவே 30 கி.மீ. வேகத்தில் மோதுவது 3.5 மீட்டரிலிருந்து விழுவதற்கே சமம்.

விழுவதால் மட்டும் உயிர் போவதில்லை. எவ்வளவு குறுகிய தொலைவில் நிற்கிறோம் என்பதே முக்கியம். 60 கி.மீ. வேகத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் நின்றால், உடல்மேல் செயற்படும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 280 மடங்குக்கும் மேல். அதே வேகத்திலிருந்து 50 சென்டிமீட்டருக்குள் நின்றால் 28 மடங்கே. கவசத்தின் உள்ளே உள்ள நுரைப்பொருள் நசுங்கித் தருவது இந்தச் சில சென்டிமீட்டர்களைத்தான்.

இக்கருத்தை ஆராய்ச்சியாக வளர்த்தவர் ஹியூ டிஹேவன். முதல் உலகப்போரில் விமானப் பயிற்சியின்போது விபத்துக்குள்ளாகிக் கடுமையான உட்காயங்களுடன் பிழைத்தவர். தம்மைக் காயப்படுத்தியது இடுப்புப்பட்டையின் கொக்கியே என்று அவர் கருதினார். விபத்தில் தப்பியவர் 'அதிர்ஷ்டசாலி' என்று பிறர் சொன்னபோது, அந்த அதிர்ஷ்டத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டவர் அவர். 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடி ஆராய்ந்து 1942-இல் வெளியிட்டார். விழுந்த இடத்தில் மண்ணோ தகடோ சில அங்குலம் அமுங்கி வழிவிட்டிருந்ததே அவர்களைக் காத்தது.

உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் தம் உடலையே வைத்துச் சோதித்தார். 1954 டிசம்பர் 10 அன்று, தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தம்மைப் பட்டைகளால் கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கி.மீ. வேகத்தில் பாய்ந்தார். 1.4 நொடியில் வண்டி நின்றது. புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசையைத் தாங்கிய அவர், கண்களில் இரத்தம் கட்டியபோதிலும் பிழைத்தார். நன்றாகக் கட்டப்பட்ட உடல் மிக வலிமையானது என்று அவர் மெய்ப்பித்தார். விமானப்படையினர் விமான விபத்துகளில் இறக்கும் அளவுக்குக் கார் விபத்துகளிலும் இறக்கின்றனர் என்று கண்டு, தம் ஆராய்ச்சியைக் கார்களின் பக்கம் திருப்பினார்.

ஜெர்மனியில் பேலா பாரெனி, காரின் முன்பகுதியும் பின்பகுதியும் மடங்கி நசுங்கவும், நடுவில் உள்ள பயணிகளின் அறை உறுதியாக நிற்கவும் வழி வகுத்தார். சுவீடனில் நில்ஸ் போலின் என்னும் பொறியாளர் 1959-இல் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனை இருக்கைப்பட்டையை வால்வோ கார்களுக்கு அமைத்தார். அதற்கு முன் அவர் போர் விமானங்களிலிருந்து விமானியை வெளியே தூக்கியெறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். பிற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அக்காப்புரிமையைத் திறந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-இல் உலகிலேயே முதன்முதலாகப் பட்டை அணிவதைச் சட்டமாக்கியது. பிரிட்டனில் 1983-இல் முன்னிருக்கைகளுக்குச் சட்டம் வந்தது.

அமெரிக்காவில் ரால்ப் நாடர் 1965-இல் எழுதிய நூல், ஓட்டுநரை மட்டுமே குற்றம் சொல்லிவந்த கார் நிறுவனங்களை நோக்கி விரலை நீட்டியது. மறு ஆண்டே பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. புதிய அமைப்பின் முதல் தலைவரான மருத்துவர் வில்லியம் ஹேடன், விபத்தை ஒரு நோயைப்போல் ஆராயச் சொன்னார். விபத்துக்கு முன், விபத்தின் கணத்தில், விபத்துக்குப் பின் என்று மூன்று கட்டங்கள்; மனிதர், ஊர்தி, சூழல் என்று மூன்று காரணிகள். இவற்றைக் குறுக்கும் நெடுக்கும் வைத்தால் ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உயிரைக் காக்க வாய்ப்பு உண்டு.

விமானம்: ஒவ்வொரு சாவும் ஒரு பாடம்

எந்திர விமானத்தில் இறந்த முதல் மனிதர் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ். 1908 செப்டம்பர் 17 அன்று ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் சுழல்விசிறி பிளந்து, விமானம் விழுந்தது. அவருக்கும் மண்டை ஓடே உடைந்தது.

1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரு 'காமெட்' ஜெட் விமானங்கள் மத்தியதரைக் கடலுக்கு மேல் சிதறின. பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் முழு விமான உடலை நீர்த்தொட்டியில் வைத்து, பறக்கும்போது ஏற்படுவதுபோல் உள்ளழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். முன்பு உண்மையாகவே பறந்தவற்றையும் சோதனையையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 பறத்தல்களுக்குப் பின் உடல் பிளந்தது. சன்னல் திறப்பின் மூலையில் தொடங்கிய உலோகச் சோர்வே காரணம். 1842-இல் புகைவண்டி அச்சை முறித்த அதே பகைவன், நூறாண்டு கழித்து வானத்தில் தோன்றினான்.

இவ்விபத்துகளின் விசாரணையில் ஈடுபட்ட ஆஸ்திரேலியர் டேவிட் வாரன், விமானியறையின் பேச்சையும் கருவிகளின் அளவுகளையும் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கினார். 'கருப்புப் பெட்டி' என்று நாம் கூறுவது அதையே. அவருடைய தந்தையும் 1934-இல் விமான விபத்தில் இறந்தவர்.

1977 மார்ச் 27 அன்று, டெனரீஃப் தீவில் மூடுபனியில் இரு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். விமானப் பொறியாளர் எழுப்பிய ஐயத்தைத் தலைமை விமானி பொருட்படுத்தவில்லை என்பது பதிவுகளால் வெளிப்பட்டது. மூத்தவர் தவறும்போது இளையவர் துணிந்து சொல்லவும், மூத்தவர் காது கொடுக்கவும் விமானிகளுக்குப் பயிற்சி தரும் முறை அதன்பின் பிறந்தது.

விமானங்கள் இன்றும் விழாமல் இல்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். ஆயினும் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவில் வேறொரு விமானத்துடன் மோதித் தீப்பற்றிய பயணி விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறினர். பாதி வழிகள் அடைபட்டாலும் 90 நொடிகளில் வெளியேற முடியவேண்டும் என்று முன்பே சோதித்து வகுத்த விதியின் பயன் அன்று தெரிந்தது.

எந்த ஊர்தி ஆபத்தானது?

இதற்கு விடை அளவுகோலைப் பொறுத்தது. பிரிட்டனில் 1990-களின் நிலையைக் காட்டும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். பயணம் செய்த 100 கோடி கிலோமீட்டருக்கு இறப்பு: விமானத்தில் 0.05, பேருந்தில் 0.4, புகைவண்டியில் 0.6, காரில் 3.1, சைக்கிளில் 44.6, நடையில் 54.2, மோட்டார் சைக்கிளில் 108.9. இதன்படி விமானமே மிகப் பாதுகாப்பானது.

ஆனால் 100 கோடி பயணங்களுக்கு என்று கணக்கிட்டால் பேருந்து 4.3, புகைவண்டி 20, கார் 40, விமானம் 117 என வரிசை மாறுகிறது. ஒரு விமானப் பயணம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீள்வதே காரணம். விமான நிறுவனம் ஓர் அளவுகோலைக் காட்டும். காப்பீட்டாளர் மற்றொன்றைக் காட்டலாம். ஆனால் எந்த அளவுகோலிலும் மாறாதவை இரண்டு. பேருந்து ஆபத்துக் குறைந்தவற்றின் வரிசையில் நிற்கிறது. மோட்டார் சைக்கிள் எப்போதும் கடைசியில் நிற்கிறது. பயணங்களைக் கொண்டு கணக்கிட்டாலும் அதற்கு 1,640 இறப்புகள்.

நம் நாட்டு நிலை

இந்திய இருப்புப்பாதைகளில் தடம் புரளுதல், மோதல் போன்ற பெரிய விபத்துகள் 2000-01-இல் 473. 2022-23-இல் அவை 48 ஆகக் குறைந்தன. அடுத்த சில மாதங்களில், 2023 ஜூன் 2 அன்று, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி ஒடிசாவில் விபத்துக்குள்ளாகி 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சைகை மின்சுற்றில் நேர்ந்த தவறு வண்டியைத் தவறான பாதையில் செலுத்திவிட்டது. ஆய்வாளர் அம்மின்சுற்று வரை சென்று காரணத்தைத் தேடினார்.

சாலையைப் பாருங்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். ஒரு பெரிய விமானம் தினந்தோறும் விழுவதற்கு இது ஒப்பாகும். அவர்களில் 44.5 சதவிகிதத்தினர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள், 19.5 சதவிகிதத்தினர் நடந்து சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். பின்னால் அமர்ந்து சென்றவர்கள் மட்டும் அவர்களில் 14,337 பேர். 1941-இல் கெய்ன்ஸ் எழுதிய கட்டுரை இவர்களை வந்தடையவில்லை.

விமானம் விழுந்தால் நூல்நூலாக ஆராய்கிறோம். சாலையில் ஒருவர் இறந்தால் 'அதிவேகம், கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறோம். மனிதன் தவறு செய்யவே செய்வான். அத்தவறுக்கு உயிரே விலையாகாதபடி சாலையை அமைக்கவேண்டும் என்ற கொள்கையைச் சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றது. வளைவில் தடுப்பு, ஊருக்குள் வேகத்தடை, நடப்பவர்க்கு நடைபாதை ஆகியவை அக்கொள்கையின் எளிய வடிவங்கள். நம் மாநிலத்தில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்சும், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க 2021-இல் தொடங்கிய திட்டமும், ஹேடன் சொன்ன மூன்றாம் கட்டத்துக்குரிய நல்ல முயற்சிகள். முதல் இரு கட்டங்களில் செய்யவேண்டியவை இன்னும் மிகுதி.

மாணவர்கள் இதில் ஒரு சிறு பணியைச் செய்யலாம். உங்கள் ஊரில் அடிக்கடி விபத்து நடக்கும் திருப்பம் ஒன்று இருக்கும். அங்கே யார் அடிபட்டார்கள், நடந்தவரா, வண்டியில் வந்தவரா, பகலா, இரவா, விளக்கு உண்டா, பார்வையை மறைக்கும் மரமோ சுவரோ பலகையோ உண்டா என்று ஓராண்டு குறித்துவாருங்கள். அக்குறிப்பேட்டை ஊராட்சித் தலைவரிடமும் நெடுஞ்சாலைத் துறையினரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வோலரும் கெய்ன்சும் டிஹேவனும் தொடங்கியது அத்தகைய குறிப்பேடுகளிலிருந்துதான்.